கமலா சொல்லாத வாக்கியம்

கிளினிக்கில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் வாட்சாப் குழுவில் மற்றவர்கள் எல்லாரும் தங்கள் அனுபவத்தை எழுதிவிட்டார்கள், நீங்கள் மட்டும்தான் பாக்கி என்று மூன்று மாதமாகக் கேட்கிறீர்கள். எனக்குப் பேசவே கூச்சம். உதவியாளராக வேலை செய்த இருபத்தெட்டு வருடமும் கூட்டம் என்றால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவள். ஐந்தாம் படிவத்தோடு படிப்பும் நின்றுவிட்டது. போன வருடம் முழங்கால் வலி தாங்காமல் முன்கூட்டியே ஓய்வு வாங்கியபோது, பிரியாவிடை விருந்தில் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் வியர்த்துப்போனேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

புண் கழுவுவதையும் கட்டு கட்டுவதையும் நர்ஸ் மிஸ்ஸிகள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நமக்கு யாரும் சொல்லித்தராத வேலை ஒன்று இருக்கிறது. வேலைப் பட்டியலில் அது கிடையாது. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தோட்டத்து ஆட்களுக்குப் பசாரில் மீன் வாங்குகிற அளவு மலாய் வரும். வலியைச் சொல்ல வராது. உடனே டாக்டர் கதவைத் திறந்து, இரண்டு மொழியும் தெரிந்த நம்மைக் கூப்பிடுவார். கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்போம். அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்வோம். சின்ன வேலை மாதிரி தெரியும். என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு, கத்தியாலோ ஊசியாலோ செய்தது அல்ல. அந்தச் சின்ன வேலையில்தான் நடந்தது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கடைசியாக நான் வேலை செய்த கிளினிக் கூலிம் மாவட்டத்தில், கரங்கானைத் தாண்டிப் போகும் சாலையில் இருந்தது. சுற்றிலும் செம்பனை, இடையிடையே மிச்சமிருக்கும் ரப்பர் பால்மரம். அடிபட்டு வருகிற பெண்களில் பாதிப்பேர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள். அத்தனையும் உண்மையாக இருந்தால் எங்கள் வட்டாரத்துக் குளியலறைகளை அரசாங்கம் என்றோ இடித்துத் தள்ளியிருக்கும். விழவில்லை, யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இருபது வருடம் போனால், அடித்தது யார் என்றும் நமக்கே தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கு வந்திருந்தது.

கமலா ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. கணவர் ஆறுமுகம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஒரே மகள் கீர்த்தனா, பதினாறு வயது, நான்காம் படிவம். நான் பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தோட்டம் என்பதால் அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னால், அந்தக் குடும்பத்தைப் பற்றி ஊர் பேசுவது எனக்குத் தெரியும். ஆறுமுகம் ஒரு காலத்தில் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போடுவார். பிறகு தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துக் குடியை விட்டுவிட்டார் என்றும் கேள்வி. அதை நான் அவ்வளவாக நம்பவில்லை. மகளுக்குப் பள்ளியில் நல்ல பெயர். பேச்சுப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய பெண்.

கமலாவுக்கு அன்று உதடு வீங்கியிருந்தது. மேல்கையில் நீலம் பாரித்திருந்தது. முன்கையில் கடித்த தடம், தோல் கிழிந்து. அதை நான்தான் கழுவினேன். கழுவி முடித்ததும் டாக்டர் என்னை உள்ளேயே நிற்கச் சொன்னார். ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாத சீனப் பெண். வயதில் என் மூத்த மகளைவிடச் சின்னவர். யார் இப்படிச் செய்தது என்று மலாயில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். கமலா பேசவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மறுபடி கேட்டார். நானும் மறுபடி கேட்டேன். வெளியே நாற்பது பேர் நம்பர் வாங்கி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

பேசத் தெரியாதவளுக்கு அடுத்தவர் மௌனம் பெரிய பாரம். அதைத் தாங்க முடியாமல் நான் மலாயில் சொன்னேன்: இவருடைய புருஷன் குடிகாரர், டாக்டர்.

கமலா சொல்லாத வாக்கியம் அது. டாக்டர் அவரைப் பார்த்து, கணவரா என்று கேட்டார். அந்த மலாய் வார்த்தை கமலாவுக்குத் தெரியும். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். நானும்தான். வெட்கத்தில் குனிகிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், எப்படித் தப்பிப்பது என்று தவித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு நானே கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் எல்லாம் முறைப்படி நடந்தது. டாக்டர் எழுதவேண்டியதை எழுதினார். போலீஸுக்குத் தகவல் போனது. ஆறுமுகத்தைப் போலீஸ் பாலாய்க்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மறுக்கவேயில்லை, தானே அடித்ததாகச் சொல்லிவிட்டார். விசாரணை முடியும்வரை மனைவி இருக்கும் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. சிடாம் கிரியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு பையோடு போய்விட்டார்.

அந்த வாரம் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கிளினிக்கில் ஒரு மூத்த மலாய் மிஸ்ஸி இருந்தார். அக்கா என்ற அர்த்தத்தில் நாங்கள் எல்லாரும் காக் என்றுதான் கூப்பிடுவோம். நான் டாக்டர் முன்னால் வாய் திறந்து பேசினேன் என்று கேட்டதும் நம்பாமல் என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரேங் வாங்கித் தந்தார். ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு மூன்று துண்டு சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆறுமுகம் இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தார். அவருடைய கார்டு எங்கள் கிளினிக்கில் இருந்ததால் சிடாம் கிரியிலிருந்து மோட்டார் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்று அழுத்தம் பார்க்கிற மேசையில் நான். அவர் முகத்தைப் பார்க்காமல், கையில் பட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகவே சுற்றினேன். அதுவும் தப்புதான். யார் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பட்டையில் காட்டக் கூடாது.

அவர் மெதுவாகக் கேட்டார்.

“மிஸ்ஸி, கமலா கை ஆறிருச்சா?”

தோட்டத்து ஆட்களுக்கு உடுப்புப் போட்ட எந்தப் பெண்ணும் மிஸ்ஸிதான். நான் மிசின் பொத்தானை அழுத்தினேன்.

“கடிச்ச எடம் சீழ் புடிக்கும்னு சொல்வாங்க. அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

சொல்லிவிட்டு, சங்கடத்தில் சிரித்தார். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. குலை வெட்டும்போது செம்பனை மட்டை முகத்தில் விழுந்து பல் போன கதை எங்கள் வட்டாரத்துக்கே தெரியும். ரொட்டியைக்கூட அவர் ஓரப்பல்லால்தான் கடிப்பார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். எனக்கும் தெரியும். கமலாவின் கையில் நான் கழுவிய தடத்தில் மேலும் கீழும் ஒரு பல் விடாமல் முழு வரிசை பதிந்திருந்தது. சின்ன வாய். என் கண்ணுக்கு நேராக, என் விரலுக்கு அடியில் அது இருந்தது. ஊர்ப்பேச்சு என் கண்ணை மறைத்துவிட்டது.

மிசின் காற்றை இறக்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கடிச்சது யாரு?”

அவர் என்னைப் பார்க்காமல் மிசினைப் பார்த்தார். “எவ்ளோ காட்டுது?”

“அதிகமாத்தான் காட்டுது.”

“காட்டும் லா.”

அவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, மோட்டார் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனேன். பத்து நிமிடம் பேசினார். முக்கால்வாசி நேரம் ஹெல்மெட்டின் வாரைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார். மகள் இரண்டாம் படிவத்தில் இருந்தபோது ஆரம்பித்ததாம். முதலில் கையில் கிடைத்ததைச் சுவரில் எறிவாள். பிறகு அம்மா மேல் எறிந்தாள். பிறகு கை. ஹேன்ட்போனை வாங்கி வைத்தால் அடி, பாடத்தைப் பற்றிக் கேட்டால் அடி, சில நாள் காரணமே இருக்காது. அடித்து முடித்ததும் அவளே தைலம் எடுத்துவந்து அம்மாவுக்குத் தேய்த்துவிட்டு அழுவாள். ஆறுமுகம் செய்ததெல்லாம் நடுவில் போய் நிற்பது. அவர் முதுகில் அடித்தால் சத்தம்தான் வருமாம், வலிக்காதாம்.

அப்புறம் ஏன் நீங்கள் அடித்ததாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நானும் அடிச்சவன்தான் தங்கச்சி. அவ சின்னப் புள்ளையா மேசைக்கு அடியில உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பா. அப்ப யாரும் வந்து கேக்கல. இப்ப கேக்கறாங்க. லேட்டா வந்துருக்காங்க, அவ்ளோதான்னு நெனச்சுக்கிட்டேன்.”

வாரை இன்னொரு சுற்று முறுக்கினார்.

“வெளிய சொல்லிறாதீங்க. பையன்னா முரட்டுப் பையன்னு சொல்லி விட்டுருவாங்க. பொண்ணுக்குப் பேய் புடிச்சிருக்கும்பாங்க, நாளைக்கி எவன் கட்டுவான்பாங்க. என் பேரு ஏற்கெனவே கெட்ட பேரு. இன்னுங் கொஞ்சம் தாங்கும்.” மோட்டாரில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னார்: “ஒண்ணே ஒண்ணுதான் கவல. இப்ப நடுவுல ஆள் இல்ல.”

அவர் போன பிறகு நான் கழிவறையில் போய் நின்றேன். கமலாவும் அந்தப் பெண்ணும் ஒரே வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நடுவில் நின்ற ஒரே ஆளை நான் அப்புறப்படுத்தியிருக்கிறேன். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனிதர் கேட்டுக்கொண்டதை மீறுகிறேன். சொல்லாவிட்டால் என் தப்பு யாருக்கும் தெரியாது. இந்த இரண்டாவது காரணம் முதல் காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். ஒருவருடைய மானத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, நம் தோலைக் காப்பாற்றிக்கொண்டிருப்போம்.

சாப்பாட்டு நேரத்தில் காக்கிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை தூக்காமல் ஒன்று கேட்டார்: இது அவர்கள் ரகசியமா, உன் ரகசியமா?

சாப்பிடாமல் எழுந்து டாக்டர் அறைக்குப் போனேன். இத்தனை வருடமாகப் பேசும் மலாய் அன்று வாயில் நிற்கவில்லை. அன்றைக்குக் கமலா எதுவும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்றேன். பல்லைப் பற்றிச் சொன்னேன். அவருடைய கணவர் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் சிவந்துபோய், தானும் அன்று காத்திருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு சொன்னார்: இனிமேல் அவர் பேசாமல் இருந்தால், பேசாமல் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லுங்கள். அதையும் நான் கேட்க வேண்டும்.

வயதில் சின்ன டாக்டர் சொன்னது என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். இந்த வேலையில் நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

கமலாவின் போன் அன்று முழுக்க அணைந்திருந்தது. தொழிற்சாலைக்கு அழைத்தால், இன்று வேலைக்கு வரவில்லை என்றார்கள். சாயங்காலம் காக் தன் காடியை ஓட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தார். வீட்டில் விளக்கு எரிந்தது, கமலா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை, சும்மா போன் கெட்டுப்போய்விட்டது என்று சொன்னாராம். காலையில் கடிபட்ட கையைக் காட்ட வரச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் கமலா வந்தார், மகளோடு. காக் பார்த்தபோது இல்லாத துவாலை ஒன்று இடது மணிக்கட்டில் சுற்றியிருந்தது. கீர்த்தனா பள்ளிக்குப் போகாமல் கூட வந்திருந்தாள். அம்மாவின் பையை அவள் தூக்கிக்கொண்டு, அம்மாவை உட்கார வைத்து, முகப்பில் போய்ப் பணிவாக நம்பர் வாங்கினாள். அடுத்த நாற்காலியில் இருந்த அம்மா ஒருவர் கமலாவிடம், “பெத்தா இப்படிப் புள்ள பெக்கணும், எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கே, பத்து மணி வரைக்கும் தூங்கிக்கிட்டு கெடக்கும்” என்றார். கமலா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் கமலாவை மட்டும் உள்ளே கூப்பிட்டு, கீர்த்தனாவை வெளியே இருக்கச் சொன்னார். துவாலையைப் பிரித்தேன். மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மடக்க முடியாமல் விறைத்திருந்தன. யார் என்று டாக்டர் கேட்டார். நான் கேட்டேன். கமலா பேசவில்லை.

“அவர் ஒன்றும் சொல்லவில்லை, டாக்டர்” என்று மலாயில் சொன்னேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார். வெளியே நம்பர் அறிவிப்பு இரண்டு தடவை அடித்தது. என் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கமலா என்னைப் பார்த்துச் சொன்னார்.

“அவ நல்ல பொண்ணு, மிஸ்ஸி.”

அதை அப்படியே சொன்னேன். அவள் நல்ல பெண் என்கிறார், டாக்டர். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மகளைப் பற்றி அந்த அறையில் யாரும் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. டாக்டர் தன் நாற்காலியைக் கமலாவுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கமலாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அழ ஆரம்பித்தார். மூன்று வருடத்து அழுகை, சத்தமாக வந்தது.

அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு கீர்த்தனா வந்தாள். நம்பர் வாங்கிய பெண்ணின் முகம் இல்லை அது.

“என்ன சொன்ன? என்னம்மா சொன்ன நீ?”

கமலாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். வீங்கிய கை மேசையில் இடித்தது. டாக்டர் போனை எடுத்தார். நான் கையில் மருந்துத் தட்டோடு அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன். இதை வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறை அவ்வளவு சின்னது, நிற்க வேறு இடமில்லை. காக் பின்னால் வந்து கமலாவை அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார், காவலாளி வாசலில் வந்து நின்றார். உங்களுக்கு இப்படி நடந்தால் முதலில் அடிபட்டவரை அங்கிருந்து வெளியே கொண்டுபோங்கள். பேச்செல்லாம் பிறகு.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். என்னை அடிப்பாளோ என்று தட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் கை முஷ்டியாக என் தட்டுக்கு மேலே நின்றது. விரல் முட்டிகளில் தோல் உரிந்து, பழைய காயத்தின் மேல் புதிய காயம். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

“கைய காட்டு.”

“என்ன?”

“தோல் உரிஞ்சிருக்கு. எதுல குத்துன?”

அவள் கையைப் பார்த்தாள். அது தன் கை என்று அப்போதுதான் தெரிந்த மாதிரி. “செவுத்துல.”

“சிமெந்துச் செவுறா, பலகையா?”

“சிமெந்து.”

“உங்க லயத்துல பின்பக்கம் பூரா பலகைதான. போயும் போயும் சிமெந்துலயா குத்துவ?”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. அவளிடமிருந்து சிரிப்பா விக்கலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. முஷ்டி கொஞ்சம் தளர்ந்தது.

“நம்பர் எடுத்தியா?”

“அம்மாவுக்குத்தான் எடுத்தேன்.”

“உனக்கு ஒண்ணு எடு. பேரு பதியாம மருந்து போட முடியாது, இங்க சட்டம் அப்படி.”

அவள் போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழு பேர். காவலாளி பக்கத்திலேயே நின்றார். அந்த ஏழு பேர் நகர்வதற்குள் டாக்டர் செய்யவேண்டிய போன்களையெல்லாம் செய்துவிட்டார். அவள் திரும்பி வரும்போது கையில் அவள் பெயர் எழுதிய கார்டு இருந்தது. வயது குறைந்தவள் என்பதால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். அடுத்த அறைக்கு எடுத்துப்போனேன். வலது கை நன்றாகத்தான் இருந்தது, கமலா போட்டுத்தந்தார். நம் வேலையில் எத்தனையோ தாமதங்களை நாம் சபித்திருக்கிறோம். அன்று அந்த வரிசையைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதனால் வந்த இன்னொரு நன்மையும் சொல்கிறேன். அம்மாவை அடித்த பெண் என்று அவளை யாரும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தன் பெயரில் கார்டு உள்ள ஒரு நோயாளியாக அவளைச் சுங்கை பட்டாணி மருத்துவமனைக்கு, மனநல டாக்டரிடம் எழுதி அனுப்ப முடிந்தது.

கமலா அன்று வீட்டுக்குப் போகவில்லை. மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டு, ஆறுமுகத்தின் அக்காவோடு சிடாம் கிரிக்குப் போனார். ஆறுமுகம் அங்கிருந்து ஒரு நண்பர் வீட்டுக்கு மாறிக்கொண்டார். கீர்த்தனாவைக் கமலாவின் தங்கை கூட்டிப்போனார். இரண்டு நாள் கழித்துக் கமலா பாலாய்க்குப் போய் உண்மையைச் சொன்னார். நானும் கூடப் போய், நான் சொன்ன வாக்கியம் எது என்று சொன்னேன். என் பணிக்காலத்தில் நான் அதிகமாக வியர்த்த நாள் அது. போலீஸிடம் பொய் சொன்னதற்காக ஆறுமுகத்தை அங்கே நன்றாக ஏசினார்கள். வெளியே வந்ததும் அவர் கமலாவிடம், “குடிச்ச காலத்துல நீ ஏசுனதவிடக் கம்மிதான்” என்றாராம். உத்தரவை எடுக்க இன்னும் சில வாரம் ஆனது. பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

கீர்த்தனா கைக்கு மருந்து போட ஒருநாள் விட்டு ஒருநாள் என்னிடம் வருவாள். ஆரம்பத்தில் பேசமாட்டாள். எனக்கும் பேச வராது. இரண்டு ஊமைகள் ஒரு பஞ்சுக் குப்பியோடு உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “அம்மா திருப்பி அடிக்க மாட்டாங்க அக்கா. அப்பா அடிக்கறப்பவும் அடிக்கல. அதப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வரும்.” அதை அப்படியே காக்கிடம் மலாயில் சொன்னேன். அவர், கட்டை ஒட்டிக்கொண்டே, உனக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தக் கை உன்னுடைய கைதான் என்றார். மலாயில் சொன்னதை அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஏன் அப்படி ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்ததாலா, போனாலா, படிப்புப் பயத்தாலா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துப் பேசியதன் பலனை மேலே எழுதியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். நான் ஓய்வு வாங்குவதற்குச் சில வாரம் முன்பு ஒரு காலை, டாக்டர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். உள்ளே கமலா உட்கார்ந்திருந்தார். புருவத்துக்கு மேல் சின்னக் கிழிசல், கைக்குட்டையால் அழுத்திப் பிடித்திருந்தார். நாற்காலிக்குப் பின்னால் பள்ளி உடுப்போடு கீர்த்தனா. மோட்டாரில் அவளே அம்மாவைக் கூட்டி வந்திருக்கிறாள்.

டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கமலா வாயைத் திறந்து, மூடினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்ல நான் திரும்பினேன்.

அதற்குள் கீர்த்தனா மலாயில் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுப்பாக. நான்தான் அடித்தேன். நேற்றுச் சாயங்காலம், ஹேன்ட்போனால். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அடித்ததும் நானே அத்தைக்குப் போன் பண்ணினேன்.

எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. டாக்டர் காதைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார், சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. கமலா கைக்குட்டையை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் மகளிடம் சொன்னார்.

“சத்தமா சொல்லு. டாக்டருக்குக் கேக்கல.”

கீர்த்தனா தலையை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து சத்தமாகச் சொன்னாள்.